உளியில் ஏறிய நீலம்

என் மகள் கை ஓடுகிற மாதிரி மோட்டார்கூட ஓடாது என்று அப்பா சொல்லுவார். என்னிடம் நேராகச் சொன்னதில்லை. மற்றவர்களிடம் சொல்லும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வேன். அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டாயிற்று. எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் மற்றப் பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஆனால் சாணைக்கல் சுற்றுவதில் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் எனக்கு இணையாக ஒரு பிள்ளை கிடையாது. அதை இன்றைக்கும் தலை நிமிர்ந்தே சொல்லுகிறேன்.

அப்பா கடைசல்காரர். ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறையில் அவருக்கு வேலை. தவுக்கே என்றால் முதலாளி. சுழலுகிற கட்டையில் உளியை வைத்து மேசைக் கால், கட்டில் கால், படிக்கட்டுக் கைப்பிடிக்கு நிற்கிற சின்னத் தூண் எல்லாம் உருட்டி எடுப்பார். பட்டறையில் மோட்டார் வைத்த சாணை உண்டு. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தன் உளிகளைச் சாக்குத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். எங்கள் வீட்டுப் பின்வாசலில் பலகையில் பூட்டிய கைச்சாணை ஒன்று இருந்தது. பிடியை நான் சுற்றுவேன், உளியை அவர் பிடிப்பார். பக்கத்தில் ஒரு டின் நிறையத் தண்ணீர். நான் பத்து எண்ணுவேன், அவர் உளியைத் தண்ணீரில் தொடுவார். சுர்ரென்று ஒரு சத்தம். மறுபடி பத்து. வாரம் முழுக்க நான் காத்திருந்தது அந்தச் சுர்ருக்காகத்தான்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு கவலை வந்தது. நீல அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் இந்த நாட்டுக் குடிமக்கள். அப்பாவிடம் இருந்தது சிவப்பு அட்டை. சிவப்பு அட்டைக்காரர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று ஆகிவிட்டது. அதே வேலையைச் செய்ய ஒரு நீல அட்டைக்காரர் இருந்தால் பெர்மிட் கிடையாது. பெர்மிட் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் ஊருக்குத் திரும்பக் கப்பல். எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டு போயிருந்தது.

கப்பல் என்றதும் எனக்குக் கொண்டாட்டம்தான். ஒரு வாரம் கடல் மேலேயே தூங்கலாமே! ஆனால் அம்மா அரிசி களையும்போது, துணி பிழியும்போது, தலை வாரும்போதெல்லாம் அழுதார். அதனால் நானும் கப்பல் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

தவுக்கேவுக்கு அப்பாவை விட மனமில்லை. ஆனால் பட்டறையில் இன்னொரு கடைசல்காரர் இருந்தார். ஆ பெக். பெரியப்பா மாதிரி வயசானவர்களைச் சீனர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் நீல அட்டைக்காரர். அவர் இருக்கும்போது உங்கள் ஆள் எதற்கு என்று பெர்மிட் கொடுக்கிற ஆபீசர் கேட்டார். என் ஆள் செய்கிறதை ஆ பெக் செய்ய முடியாது என்று தவுக்கே சொன்னார். அப்படியானால் என் கண்ணால் பார்க்கிறேன், திங்கட்கிழமை வருகிறேன் என்றார் ஆபீசர்.

அந்தச் சமயம் ஒரு பழைய பங்களாவின் படிக்கட்டில் கரையான் அரித்து ஆறு தூண் போய்விட்டது, அதே மாதிரி செய்து தரவேண்டும் என்று மாதிரித் தூண் ஒன்று பட்டறைக்கு வந்திருந்தது. அதையே சோதனையாக வைத்துவிட்டார்கள். தூணின் நடுவில் இரண்டு வளையம், இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். பென்சில் போகிற அகலம், விரல் கணு அளவு ஆழம். அந்தப் பள்ளத்துக்குள் நுழைகிற உளி பட்டறையிலேயே இல்லை. அவரவர் உளியை அவரவர் தயார் செய்துகொண்டு வரவேண்டும் என்று பேச்சு.

ஞாயிறு காலையில் அப்பா ஒரு கனமான பட்டை உளியை எடுத்து, அதன் மேல் ஆணியால் இரண்டு கோடு கீறினார். பறவை அலகு மாதிரி இருந்தது அந்தக் கோடு. கோட்டுக்கு வெளியே இருக்கிற இரும்பு முழுக்கத் தேய்ந்து போகவேண்டும். பெர்மிட் விண்ணப்பப் பாரத்தில் ஒட்டப் போட்டோ கேட்டிருந்தார்கள். அதனால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு படக்கடைக்குக் கிளம்பினார்.

வீட்டில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

“மச்சான், நீங்க போய்ட்டு வாங்க. வர்றதுக்குள்ள நான் ஒடுக்கி வெச்சிடறேன்லா.”

அப்பா யோசித்தார். “ஓரத்தை மட்டும் தேயி. முனைக்கிட்ட போகாதே. பாப்பா சுத்தட்டும். தண்ணி தொட்டுத் தொட்டு.”

“எனக்குச் சொல்றீங்களா?” என்றார் மாமா.

அப்பா தெருமுனை திரும்பியதும் மாமா தன் சைக்கிளை உள்ளே கொண்டுவந்தார்.

பழைய கனத்த சைக்கிள் அது. ஸ்டாண்டு போட்டால் பின் சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும். மாமா பின் டயரைக் கழற்றினார். சாணையின் பிடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்னக் கப்பியை மாட்டினார். துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த கயிற்றைச் சக்கரத்துக்கும் கப்பிக்கும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“டேய், அவரு என்ன சொன்னாரு, நீ என்ன பண்றே?”

“அக்கா, கையால சுத்துனா நாளைக்குத்தான் முடியும். இது கால் மோட்டாரு. பாப்பா, ஏறு!”

நான் ஏறினேன். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு மிதித்தேன். அடடா! அந்தக் கல் அதுவரை அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை. ஊ என்று ஒரு குரல். மாமா உளியை வைத்ததும் பொறி ஒரு முழம் நீளத்துக்குப் பறந்தது. கைச்சாணையில் பொறி நாலைந்துதான், அதுவும் சோம்பலாக விழும். இது தீபாவளி மத்தாப்பு! பின்சந்துப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காகூடக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“இன்னும் வேகமா!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

அப்படிக் கத்தும்போது மெதுவாக மிதிக்கிற ஆள் உலகத்தில் உண்டா? நான் நின்றுகொண்டே மிதித்தேன். பத்து எண்ணுவது, தண்ணீர் தொடுவது எல்லாம் எங்கே போனதோ தெரியாது. மாமாவும் கோட்டுக்கு மேலே, முனைக்குப் பக்கத்திலேயே வைத்து அழுத்தினார். ஓரம் கரைந்து கரைந்து அலகு வந்துவிட்டது. கடைசியில் உளியைத் தூக்கிப் பார்த்து, “ஐயோ, அக்கா! வந்து பாரு!” என்று கத்தினார்.

உளியின் முனை நீலமாக இருந்தது.

சும்மா நீலம் இல்லை. முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் ஒரு ஊதா, நுனியில் மயில் கழுத்து நீலம். அவ்வளவு அழகை நான் இரும்பில் பார்த்ததே இல்லை. அம்மா விரலால் தொடப் போய், சூடு என்று கையை இழுத்துக்கொண்டார்.

“என்னடா இது?”

“புரியலையா? நீலம்லா, நீலம்! மச்சானுக்கு நீல கார்டு வரப்போகுதுன்னு உளியே சொல்லுது!”

அம்மா உள்ளே போய் விபூதித் தட்டும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு வந்தார். உளியைப் பலகை மேல் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து, விபூதி பூசி, பொட்டு வைத்து, கற்பூரம் கொளுத்திக் காட்டினார். அந்த வருஷத்தில் அம்மா சிரித்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பின்சந்துப் பிள்ளைகள் எல்லோரும் விபூதி வாங்கிக்கொண்டார்கள். நான் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே ராணி மாதிரி நெற்றியைக் காட்டினேன். மிதித்தது நான்தானே?

அப்பா வந்ததும் நாங்கள் நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டோம். யார் முதலில் சொல்லுவது என்று போட்டி. அப்பா இலையில் இருந்த உளியைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த படக்கடைச் சீட்டை எடுத்து மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டார்.

“நல்லா இருக்கு” என்றார்.

பிறகு ஒரு அரத்தை எடுத்து உளி முனையில் லேசாக இழுத்தார். நல்ல உளியில் அரம் வழுக்கிக்கொண்டு போகும், கடிக்காது. அன்றைக்குக் கடித்தது. வெண்ணெயைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சுருள் வந்தது.

மாமாவின் வாய் மெல்ல மூடியது. “மச்சான்…”

“பதம் போயிடுச்சு” என்றார் அப்பா. “சூடு ஏறி நீலம் வந்தா இரும்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். கட்டையில வெச்சா மடங்கிரும்.”

அம்மா விபூதித் தட்டை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றார். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அதை அணைப்பதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நீலம் ஏறிய இடத்துக்குப் பின்னால், ஒரு விரல் அகலம் தள்ளி, ஆணியால் புதிதாகக் கோடு கீறினார். அவ்வளவு இரும்பும் தேய்ந்து போனால்தான் உள்ளே உயிர் உள்ள இரும்பு. அதில் மறுபடியும் ஒரு அலகு செய்யவேண்டும். மணி மூன்றாகியிருந்தது. ஆறு மணிக்கு மேல் பின்வாசலில் வெளிச்சம் போதாது.

“நான் சுத்தறேன் மச்சான்” என்று மாமா பிடியைத் திரும்ப மாட்டினார்.

“நீ இழுத்து இழுத்துச் சுத்துவே. கல்லு குதிக்கும்.” அப்பா என்னைப் பார்த்தார். “பாப்பா, பத்து எண்ணுவியா?”

அந்த மூன்று மணி நேரத்தைப் போல இன்னொன்று என் ஆயுளில் வரவில்லை. கல்யாணத்தன்றுகூட எனக்கு நெஞ்சு அப்படி அடிக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. கல் சமமாக ஓடியது. பத்து. சுர். ஒன்று, இரண்டு. அப்பா உளியின் முதுகில் ஆள்காட்டி விரலை வைத்திருந்தார். விரலுக்குச் சூடு தெரிந்தால் பத்துக்கு முன்னாலேயே எடுத்துவிடுவார். நீலம் துளித்துளியாகப் பொடியாகி டின் தண்ணீரில் கறுப்பாக மிதந்தது. வலது கை மரத்துப்போனால் இடது கை. இடதும் போனால் மறுபடி வலது. மாமா குற்றவாளி மாதிரி குந்தி உட்கார்ந்து தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். அம்மா என் வாயில் சோற்றை உருட்டி ஊட்டினார். சுற்றிக்கொண்டே மென்றேன், எண்ணிக்கை தவறவில்லை.

வெளிச்சம் மங்குகிற சமயத்தில் அப்பா உளியைத் துடைத்து என் கையைப் பிடித்து இழுத்தார். முனையை என் கட்டைவிரல் நகத்தில் வைத்தார். கூர் இல்லாத உளி நகத்தில் வழுக்கும். கூரானது பிடிக்கும்.

“பிடிக்குதா?”

“பிடிக்குதுப்பா!”

உளி முன்னைவிடக் குட்டையாகிப் போயிருந்தது. ஆனால் அலகு அச்சாக இருந்தது. பழைய இரும்பு நிறம்தான். நீலம் துளியும் இல்லை.

மறுநாள் நானும் வருவேன் என்று அடம் பிடித்தேன். உளியில் பாதி என்னுடையது என்று வாதாடினேன். அப்பா கூட்டிக்கொண்டு போனார். மாமாவும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தார். பட்டறை முழுக்கத் தேக்கு வாசனை. ஆபீசர் ஒரு பைலை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்தார். வேலையாட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். கோழிச் சண்டைக்குக் கூடுகிற கூட்டம் தோற்றது.

முதலில் ஆ பெக்.

வெள்ளைப் பனியன், கறுப்புக் கால்சட்டை, காதில் ஒரு சிகரெட். நாற்பது வருஷம் கட்டை கடைந்த ஆள் என்று சொல்லுவார்கள். நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிற நாளிலெல்லாம் அவரைச் சாணைக்கல் முன்னால்தான் பார்த்திருக்கிறேன். கால் மணி கடைந்தால் ஒரு தடவை கல்லுக்குப் போவார். கடைவதைவிடத் தீட்டுவதுதான் இவர் வேலையோ என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு அவர் கல் பக்கமே போகவில்லை. பலகையில் கிடந்த ஒரு பட்டை உளியை எடுத்தார். அதில் அலகும் இல்லை, ஒன்றும் இல்லை. முனையில் ஒரு பல் அகலத்துக்கு உடைந்திருந்தது. இவ்வளவு அசட்டை ஒரு மனிதருக்கு ஆகுமா என்று எனக்குக் கோபமே வந்தது. அப்புறம் சந்தோஷம் வந்தது.

கட்டை சுழன்றது. இரண்டு வளையத்தையும் அவர் சுலபமாக எடுத்தார். பள்ளத்தில் உளியை வைத்ததும் கிறீச் என்று ஒரு அலறல். கட்டை பிய்ந்தது. அவர் கையை எடுக்கவில்லை, இன்னும் அழுத்தினார். டப்பென்று ஒரு வளையம் தெறித்து ஆபீசர் காலடியில் போய் விழுந்தது.

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். “கண்ணுக்கு வயசாயிடுச்சு” என்று ஆ பெக் ஆபீசரிடம் மலாயில் சொன்னார். தவுக்கே முகம் சிவந்து சீனத்தில் என்னவோ கத்தினார். ஆபீசர் பைலைத் திறந்து எழுதினார்.

அடுத்தது அப்பா. அந்தக் குட்டை உளியை எடுத்ததும் யாரோ, “இது என்ன, பல் குத்துற குச்சியா?” என்று கிண்டல் செய்தார்கள். மாமா அவரை முறைத்தார். அப்பா இடுப்பை ஊன்றி, உளியைத் தாங்கியில் வைத்து, உள்ளே தள்ளினார். சத்தமே இல்லை. காகிதம் கிழிகிற மாதிரி ஒரு ஒலி, அவ்வளவுதான். சுருள் சுருளாக மரம் வந்து அப்பாவின் கையில் வளையல் மாதிரி சுற்றிக்கொண்டது. நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்து. பத்து. பத்து. கட்டை நின்றது. ஆபீசர் எழுந்து வந்து தன் பென்சிலைப் பள்ளத்தில் படுக்க வைத்தார். அளவெடுத்த மாதிரி படுத்தது. மாதிரித் தூணையும் பக்கத்தில் வைத்து, குனிந்து குனிந்து பார்த்தார்.

“இது போதும்” என்று சொல்லிப் பைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் குதித்த குதியில் மரத்தூள் மேகமாக எழும்பியது. மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அங்கேயிருந்து பார்த்ததால் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. தவுக்கே அப்பாவின் முதுகில் தட்டினார். பிறகு ஆ பெக்கைக் கூப்பிட்டு, மூலையில் கிடந்த முக்காலிக் கால்களைக் காட்டினார். தொழில் பழகுகிற பையன்கள் செய்கிற வேலை அது. ஆ பெக் தலையை ஆட்டிக்கொண்டு காதிலிருந்த சிகரெட்டைப் பற்றவைத்தார்.

ஜெயித்த மனிதர் சிரிக்கவேண்டாமா? அப்பா சிரிக்கவில்லை. ஆ பெக்கின் பலகைக்குப் போய், அந்தப் பல் உடைந்த உளியை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மோட்டார் சாணைக்குக் கொண்டுபோய், தண்ணீர் தொட்டுத் தொட்டு, தன் உளிக்குக்கூடக் காட்டாத பொறுமையோடு தீட்டினார். தீட்டி முடித்துத் துடைத்து, கோயிலில் தட்டு நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்து ஆ பெக்கிடம் கொடுத்தார். ஆ பெக் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கிப் பலகையில் போட்டுவிட்டு, “போ, போ, வீட்டில் சொல்லு” என்று கையை வீசினார்.

தோற்றவர் உளியையும் ஜெயித்தவரே தீட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமை பிடிபடவில்லை.

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க, கடைகளின் முன்தாழ்வாரமான அஞ்சடியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் நின்று சொன்னேன். பின்சந்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகளைக் கூட்டி, ஆ பெக் மாதிரி கண்ணைச் சுருக்கி, கையை நடுக்கி, கிறீச் என்று கத்திக் காட்டினேன்.

“நாப்பது வருஷமாம்! அந்தக் கெழவனுக்கு உளி தீட்டக்கூடத் தெரியல. எங்கப்பாதான் தீட்டிக் குடுத்தாரு!”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் இரண்டாவது தடவை கிறீச் என்று கத்துவதற்குள் முதுகில் பளீரென்று ஒரு அறை விழுந்தது. அப்பா. அதற்கு முன்னால் அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். பெர்மிட் கிடைத்த சந்தோஷத்தில் அம்மா பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார். எதற்கு அடித்தார் என்று கேட்டார். நடந்ததைத் தேம்பித் தேம்பிச் சொன்னேன், ஆ பெக் கல் பக்கமே போகாததையும் சேர்த்துத்தான் சொன்னேன். அம்மாவின் அகப்பை நின்றது. அப்பாவைப் பார்த்தார். அப்பா குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார், கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. அம்மா ஒரு தூக்குச்சட்டியை எடுத்து, முதல் பாயசத்தை அதில் ஊற்றி மூடி, மாமாவிடம் கொடுத்துப் பட்டறைக்குப் போகச் சொன்னார்.

சாணை சுற்றியது நான். எனக்கு அடி, தோற்றவருக்குப் பாயசம். பெரியவர்களுக்குப் பசி வந்தால் நியாயம் தெரியாது என்று முடிவு செய்து, மிச்சமிருந்ததில் முதல் கிண்ணத்தை நானே எடுத்துக்கொண்டேன்.